ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் கான்டடோரை ஏன் இணையம் விடவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஆல்பர்ட்டோ கான்டடோர் 2017-லேயே சைக்கிள் பந்தயத்தை விட்டுப் போய்விட்டார். டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்ற மிகேல் இன்டுராயினும் ஸ்பெயின்காரர்தான், ஆனால் இணையத்தில் அவரைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. ஊக்கமருந்து வழக்கில் பட்டங்களைப் பறிகொடுத்த கான்டடோருடைய பழைய வீடியோக்கள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இதற்கு என்ன காரணம்?"

கான்டடோர் பந்தயம் ஓட்டிய காலம் முழுவதும் தொடர்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் சும்மா இருக்க மறுத்தவர் அவர். அந்த மறுப்பு கண்ணுக்குத் தெரியும்படி, ஐந்து நிமிட வீடியோவில் அடங்கும்படி நடந்தது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் இன்டுராயின் விஷயத்தை முடித்துவிடுவோம். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து டூர். அவருக்கு முன்னால் யாரும் தொடர்ச்சியாக ஐந்து வென்றதில்லை. அவர் ஜெயித்த விதம் என்னவென்றால், தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயங்களில் எல்லோரையும் நிமிஷக்கணக்கில் பின்னுக்குத் தள்ளுவார், மலைகளில் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றிக்கொள்வார். 1992-இல் லக்சம்பர்க்கில் 65 கிலோமீட்டர் தனிப் பந்தயத்தில் அவர் செய்தது இன்றைக்கும் பிரமிப்புதான். ஆனால் அந்தப் பிரமிப்பு நேரப்பட்டியலைப் பார்த்தால்தான் வரும். வீடியோவில் ஒரு மனிதர் அசையாமல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவதுதான் தெரியும். 1997 ஜனவரியில் அவர் ஓய்வை அறிவித்தபோது வீடியோ பகிரும் தளங்களும் கிடையாது. அவருடைய ரசிகர்கள் அவரை மனசில் வைத்திருக்கிறார்கள். கான்டடோருடைய ரசிகர்களுக்கு அவர் கைபேசியிலேயே கிடைக்கிறார்.

அந்தக் கைபேசியில் என்ன இருக்கிறது? நான் முதலில் காட்டுவது 2012 செப்டம்பர் 5, ஃபுவென்தே தே.

ஸ்பெயினைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் வுவெல்டா பந்தயம் அது. கான்டடோர் தடைக்காலம் முடிந்து திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னணியில் ஹோவாகின் ரோட்ரிகஸ், செல்லப்பெயர் புரிட்டோ. எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் கான்டடோர் 28 வினாடி பின்னால். கோவடோங்கா ஏரி மலையில் திரும்பத் திரும்பத் தாக்கிப் பார்த்தார். மறுநாள் குயிட்டு நெக்ரு என்ற சுவர் மாதிரி ஏற்றத்திலும் தாக்கினார். ஒவ்வொரு முறையும் புரிட்டோ அவர் பின்சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தார், கடைசியில் முன்னால் போய் சில வினாடிகளையும் பறித்துக்கொண்டார். செங்குத்தான ஏற்றத்தில் புரிட்டோவை அசைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. பந்தயம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தோம்.

ஓய்வுநாள் கழித்து வந்தது ஃபுவென்தே தே. பெரிய மலை என்று சொல்ல முடியாது. கடைசி ஏற்றம் 17 கிலோமீட்டர் நீளம், ஆனால் சராசரிச் சாய்வு 4 சதவீதம்கூட இல்லை. அன்று ஒன்றும் நடக்காது என்று எல்லோரும் கணக்குப் போட்ட நாள். இலக்குக்கு இன்னும் 50 கிலோமீட்டர் இருக்கும்போது, கொல்லாதோ தெ லா ஓஸ் என்ற நடுத்தர ஏற்றத்தில் கான்டடோர் எழுந்து நின்று மிதித்துக் கிளம்பினார். அவருடைய அணியினர் சிலர் ஏற்கெனவே முன்னால் ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களைப் பிடித்து, முன்னால் நின்று எதிர்க்காற்றைத் தாங்கி, தம் உள்ளவரை தன்னை இழுத்துப் போக வைத்தார். அவர்கள் சோர்ந்த பிறகு துணைக்கு வந்தவர் பாவ்லோ டிராலொங்கோ. எதிரணிக்காரர், இத்தாலியர், கான்டடோருடைய பழைய சகா.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியே ஆக வேண்டும். முந்தைய வருஷம் இத்தாலியில் மகுன்யாகா மலை உச்சியை நோக்கி டிராலொங்கோ தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது கான்டடோர் பின்னாலிருந்து பாய்ந்து வந்து பிடித்துவிட்டார். தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. பழைய நண்பனுக்கு முன்னால் நின்று எதிர்க்காற்றைத் தானே தாங்கி, கோட்டை அவரே முதலில் தாண்டட்டும் என்று விட்டார். ஃபுவென்தே தே வீடியோவைப் பார்க்கும் பழைய ரசிகர்களுக்கு, அந்த இரண்டு பேரும் ஒன்றாக ஓட்டும் காட்சியில் மகுன்யாகாவும் சேர்ந்தே தெரியும். வேறு சீருடையில் இருக்கும் ஒருவர் இப்படி உயிரைக் கொடுத்து ஏன் இழுக்கிறார் என்பது தெரியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

கடைசி 15 கிலோமீட்டர்வாக்கில் டிராலொங்கோவும் பின்தங்க, கான்டடோர் தனியாகிவிட்டார். பின்னால் இன்னொரு ஸ்பெயின் வீரர் வல்வெர்தே துரத்துகிறார். வித்தியாசம் உருகிக்கொண்டே வருகிறது. கடைசியில் வெறும் 6 வினாடியில் கான்டடோர் ஜெயித்தார். கோட்டைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பல வருஷம் அடக்கி வைத்த ஒன்று அங்கே வெடிக்கிறது. புரிட்டோ 2 நிமிடம் 38 வினாடி கழித்து வந்து சேர்ந்தார். சுவர் போன்ற மலைகளில் இரண்டு வாரமாகக் காப்பாற்றிய பந்தயத்தை, சாதாரண ஏற்றத்தில் ஒரே மதியத்தில் இழந்தார். எனக்குப் புரிட்டோவை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கும். மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயம் ஒன்றுகூட அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் எந்த வீரர் இலக்கிலிருந்து தொலைவில் தனியாகப் பாய்ந்தாலும், யாராவது ஒருவர் ஃபுவென்தே தே என்ற பெயரை இழுக்காமல் விடுவதில்லை. இன்றைய சாம்பியன் பொகச்சார் 80 கிலோமீட்டருக்கு முன்பே கிளம்பும் இந்தக் காலத்தில் 50 கிலோமீட்டர் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 2012 வேறு காலம். அணித் தலைவர்கள் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் வரை காத்திருந்த காலம். ஒரு அணி முழுவதும் வரிசையாக முன்னால் நின்று, மிதிக்கும் பலத்தை அளக்கும் கருவியில் தெரியும் எண்ணைப் பார்த்து ஒரே சீராக மிதித்து, மற்றவர்களை மூச்சுத் திணற வைக்கும் முறை அந்த வருஷம்தான் டூரை ஆண்டது. பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வந்த வருஷங்கள் அவை. அப்போது எழுந்து நின்று ஓடியவர் கான்டடோர் என்பதால்தான் அவர்மேல் இந்த ஒட்டுதல்.

அந்த எழுந்து நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் பெரும்பாலானவர்கள் இருக்கையை விட்டு எழுந்தால் அரை நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுவார்கள், தொடை எரியும். கான்டடோர் நிமிஷக்கணக்கில் நின்றபடியே ஓட்டுவார். இடுப்பு இடமும் வலமும் மெல்ல ஆடும், சைக்கிள் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும், தோள் மட்டும் அமைதியாக இருக்கும். நடனம் என்றுதான் எல்லா மொழியிலும் அதைச் சொல்கிறார்கள், எனக்கும் வேறு சொல் அகப்படவில்லை. முதுகை மட்டும் காட்டினால்கூட இது யாரென்று சொல்லிவிடலாம். ஜெயித்ததும் நெஞ்சைத் தட்டி, விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிச் சுடுவார். 'பிஸ்டலேரோ', துப்பாக்கிக்காரன், என்ற பட்டம் அப்படி வந்தது. சின்னத் திரைக்கு இது இரண்டுமே கச்சிதமாகப் பொருந்தும்.

சரி, ஊக்கமருந்துக்கு வருவோம். இதைச் சொல்லாமல் கான்டடோரைப் புகழ்வது நேர்மையாகாது.

2010 டூரின் ஓய்வுநாளில் எடுத்த மாதிரியில் கிளென்பியூட்டரால் என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. அளவு மில்லிலிட்டருக்கு 50 பிக்கோகிராம், மிக மிகச் சொற்பம். ஸ்பெயினிலிருந்து வந்த மாட்டிறைச்சியில் இருந்திருக்கும் என்றார் கான்டடோர். ஸ்பெயினின் சைக்கிள் சம்மேளனம் 2011 பிப்ரவரியில் அவரை விடுவித்தது. அதற்குச் சில நாட்கள் முன்னால் ஸ்பெயின் பிரதமர் அலுவலகத்தின் ட்விட்டர் கணக்கிலேயே அவருக்குத் தண்டனை கொடுக்கச் சட்டக் காரணம் இல்லை என்று பதிவு வந்தது. நாட்டின் பிரதமர் ஒரு சைக்கிள் வீரருக்காக சமூக ஊடகத்தில் பேசுகிறார் என்றால் அவருக்கு அங்கே இருந்த இடத்தைப் புரிந்துகொள்ளலாம். அது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதுதான் என் எண்ணம். விசாரணை நடக்கும்போது அரசு வாய் திறந்திருக்கக் கூடாது. வழக்கு மேல்முறையீட்டில் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 2012 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வந்தது: முன்தேதியிட்ட இரண்டு வருஷத் தடை. 2010 டூர் போனது, இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் 2011-இல் வென்ற பட்டமும் போனது. இறைச்சியைவிட, கலப்படமான ஊட்டச்சத்து மாத்திரை மாதிரி ஏதோ ஒன்றின் வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மன்றம் கருதியது. எப்படி உள்ளே போனாலும் வீரர்தான் பொறுப்பு என்பதே விதி. அந்த விதி இருக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் அதிகாரக் கணக்கில் அவருடைய பெரிய பந்தயங்கள் ஏழு: டூர் இரண்டு, ஜிரோ இரண்டு, வுவெல்டா மூன்று. ரசிகர்கள் ஒன்பது என்கிறார்கள். 2015-இல் ஜிரோவை வென்றபோது கான்டடோரே மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். இந்த ஏழா ஒன்பதா சண்டை அவர் பெயர் எடுத்த இடத்திலெல்லாம் கிளம்பும். அவருடைய பெயர் மங்காமல் இருப்பதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம்.

ஆனால் இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. 2011 டூர். வழக்கு தலைக்குமேல் தொங்கும்போது ஓட்டிய பந்தயம். கலிபியே மலையில் அவர் நிமிஷக்கணக்கில் நேரத்தை இழந்து, ஜெயிக்கும் வாய்ப்பே இல்லை என்றாகிவிட்டது. மறுநாள் பந்தயம் 109.5 கிலோமீட்டர், அல்ப் துவெஸ் மலையில் முடிகிறது. கிளம்பிய சிறிது நேரத்திலேயே, 90 கிலோமீட்டருக்கும் மேல் பாக்கி இருக்கும்போதே தாக்கினார். அன்று ஜெயிக்கவும் இல்லை. கடைசி மலையில் பிரெஞ்சு வீரர் பியேர் ரோலான் தாண்டிப் போய் வென்றார். தீர்ப்புக்குப் பிறகு அந்த டூரில் கான்டடோருடைய பெயரே முடிவுப் பட்டியலில் இல்லை. ஏட்டில் அப்படி ஒரு ஓட்டமே நடக்கவில்லை. வீடியோ மட்டும் இருக்கிறது, ஆட்கள் தேடிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நீக்கப்பட்ட ஒரு ஓட்டத்துக்கு, அதுவும் தோற்ற ஓட்டத்துக்கு, இத்தனை அன்பு கிடைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதே ரகத்தில் இன்னும் உண்டு. 2015 ஜிரோவில் மோர்டிரோலோ மலைக்குச் சற்று முன்னால் சக்கரம் பஞ்சராகிப் பின்தங்கினார். எதிரணிகள் காத்திருக்கவில்லை, வேகத்தைக் கூட்டின. ஏறக்குறைய ஒரு நிமிட இடைவெளியோடு மலையடிவாரத்துக்கு வந்தவர், ஒவ்வொருவராகப் பிடித்து, பேசாமல் தாண்டிப் போனார். 2016 வுவெல்டாவில் ஃபொர்மிகால் பந்தயத்தில் கிளம்பிய சில கிலோமீட்டரிலேயே தாக்கினார். அந்த வருஷத்து டூர் சாம்பியன் ஃப்ரூம் தனியாக மாட்டிக்கொண்டு இரண்டரை நிமிஷத்துக்கு மேல் இழந்தார். 90-க்கும் மேற்பட்ட வீரர்கள் நேர வரம்புக்கு வெளியே வந்தார்கள். அந்தத் தாக்குதலின் பலன் முழுவதும் கொலம்பிய வீரர் கின்டானாவுக்குப் போய், அவர்தான் வுவெல்டாவை வென்றார். கான்டடோர் நான்காவது. பாரிஸ்-நீஸ் பந்தயத்தை 2016-இல் 4 வினாடியிலும் 2017-இல் 2 வினாடியிலும் தவறவிட்டார். இரண்டு முறையும் கடைசி நாள் முழுக்க அடித்துக்கொண்டேதான் இருந்தார்.

இணையத்தோடு அவருக்கு நேரடி உறவும் இருந்தது. 2010 டூரில் பலேஸ் கணவாயில், முதலிடத்தில் இருந்த ஆண்டி ஷ்லெக்கின் சங்கிலி கழன்றபோது கான்டடோர் நிற்காமல் தாண்டிப் போய் 39 வினாடி எடுத்தார். முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொள்ள மேடை ஏறியபோது கூட்டம் சீழ்க்கையடித்தது. அன்று இரவே யூடியூபில் ஒரு வீடியோ போட்டு மன்னிப்புக் கேட்டார். பத்திரிகையாளர் சந்திப்பு இல்லை, அறிக்கை இல்லை, நேராகப் பார்வையாளர்களிடம். அந்தக் காலத்தில் சைக்கிள் வீரர்களிடம் இது புதுசு. பாரிஸில் முடிவு வந்தபோது ஷ்லெக்கை விட அவர் முன்னால் இருந்தது அதே 39 வினாடி. அந்த வழக்கு ரசிகர்களின் நீதிமன்றத்தில் இன்னும் முடியவில்லை. நான் கான்டடோர் பக்கம்தான் என்றாலும், அன்று அவர் காத்திருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஓய்வை அறிவித்ததும் அப்படித்தான், 2017 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் வீடியோவில். கடைசிப் பந்தயம் வுவெல்டா என்றதும், அவருக்கு 1-ஆம் எண் கொடுக்க வேண்டும் என்று ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து வாங்கினார்கள். முந்தைய வருஷத்துச் சாம்பியன் கின்டானா வராததால் அந்த எண் காலியாக இருந்தது. அமைப்பாளர்களும் கொடுத்தார்கள்.

அந்த வுவெல்டாவில் மூன்றாம் நாளே ஆண்டோராவில் உடம்பு சரியில்லாமல் இரண்டரை நிமிஷத்தை இழந்துவிட்டார். அதற்கப்புறம் மலை வந்த நாளெல்லாம் தாக்கினார். சில நாட்கள் பலித்தது, சில நாட்கள் பிடிபட்டார். கடைசிக்கு முந்தைய நாள் செப்டம்பர் 9, ஆங்கிலிரு. அஸ்தூரியாஸில் உள்ள அந்த மலை 12.5 கிலோமீட்டர். முதல் பாதி சாதாரணம், இரண்டாம் பாதியில் சாய்வு ஒரு இடத்தில் 23 சதவீதத்தைத் தாண்டும். அவர் கிளம்பியது அதற்கு முந்தைய கோர்தால் மலையின் இறக்கத்தில், மழையில் நனைந்த தார்ச்சாலையில். ஆங்கிலிருவின் அடியில் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்ரிக் மாஸ். கான்டடோர் அறக்கட்டளையின் இளையோர் அணியில் வளர்ந்த பையன், அப்போது வேறு அணியில் இருந்தார். கொஞ்ச தூரம் முன்னால் நின்று இழுத்துக் கொடுத்துவிட்டு விலகினார். மகுன்யாகாவில் டிராலொங்கோவுக்குச் செய்தது இரண்டாவது முறையும் திரும்பி வந்த மாதிரி இருந்தது. உச்சிக்கு அருகே மூடுபனி, இரு பக்கமும் ஜனங்கள். பின்னால் ஃப்ரூமும் அவருடைய அணித்தோழர் போல்ஸும் நெருங்கி வர, 17 வினாடியில் ஜெயித்தார். 2008-இலும் அதே உச்சியில் ஜெயித்தவர். கடைசியாக ஒருமுறை விரல் துப்பாக்கி. மொத்தக் கணக்கில் மேடையின் மூன்றாவது இடம் 20 வினாடியில் போனது, ஐந்தாவதாக முடித்தார். அது யாருக்கும் நினைவில்கூட இல்லை.

இதெல்லாம் பந்தயத்தின் கதை. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 2004-க்குப் போக வேண்டும். அவருக்கு 21 வயது. அஸ்தூரியாஸ் சுற்றுப் பந்தயத்தின் முதல் நாள், சாலையில் வலிப்பு வந்து விழுந்தார். மூளையில் பிறவியிலேயே இருந்த ரத்தநாள முடிச்சில் கசிவு. மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை. ஒரு காதிலிருந்து மறு காது வரை தழும்பு, தலைமுடியை வெட்டினால் தெரியும். 2005 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் டூர் டவுன் அண்டர் பந்தயத்தின் ஐந்தாம் கட்டத்தை ஜெயித்தார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி எது என்று கேட்டால் டூரைச் சொல்ல மாட்டார், இதைத்தான் சொல்வார். மருத்துவமனைப் படுக்கையில் பிடித்துக்கொண்ட வாக்கியம் என்று அவர் சொல்வது நம் ஊர் பழமொழியேதான்: மனமிருந்தால் மார்க்கமுண்டு. அவருடைய அறக்கட்டளை மூளைப் பக்கவாதம் குறித்த விழிப்புணர்வை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டிருப்பது இதனால்தான். மாத்ரித் பக்கத்தில் உள்ள பின்டோ என்ற அவருடைய ஊரில், பெருமூளை வாதத்தோடு பிறந்த தம்பி ராவுலோடு வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. ஸ்பானிஷ் யூரோஸ்போர்ட்டில் வர்ணனை செய்கிறார். பழைய எதிரி இவான் பாஸோவோடு சேர்ந்து அணி நடத்துகிறார், ஆரம் என்ற சைக்கிள் நிறுவனமும் தொடங்கினார். அவர்கள் அணியின் லொரென்சோ ஃபொர்துனாத்தோ 2021 ஜிரோவில் சொன்கொலான் மலையை வென்றபோது அது பெரிய கொண்டாட்டம். 2020 ஜூலையில், ஊரடங்குக் காலத்தில் பரவிய எவரெஸ்டிங் சவாலை எடுத்தார். ஒரே ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, மொத்தம் எவரெஸ்ட்டின் உயரமான 8,848 மீட்டரைத் தொட வேண்டும். 7 மணி 27 நிமிடம் 20 வினாடி. அப்போதைக்கு உலகச் சாதனை. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆன, 37 வயது மனிதர். அதே மாதத்திலேயே இன்னொருவர் அதை முறியடித்தார், அது பரவாயில்லை. அவர் இன்னும் அப்படியே இருக்கிறார் என்பதை ரசிகர்கள் பார்த்துவிட்டார்கள்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவராக இருந்தால் 2009 டூரின் வெர்பியே மலையிலிருந்து தொடங்குங்கள், சொந்த அணியிலேயே இருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கை அவர் விட்டுவிட்டுப் போகும் நாள். அடுத்து 2011 அல்ப் துவெஸ், பிறகு ஃபுவென்தே தே முழுமையாக, சுருக்கம் வேண்டாம், கடைசி 50 கிலோமீட்டரும் பாருங்கள். ஆங்கிலிருவைக் கடைசியில் வையுங்கள். முடிந்தால் அதற்கு மறுநாள் மாத்ரித் வீடியோவையும் தேடுங்கள். வீரர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்து வழிவிட, அவர் மட்டும் தனியாக முன்னால் நகருக்குள் நுழைவார். முதல் தடவையாக யாரும் துரத்தாமல், அவசரமில்லாமல், இருபுறமும் திரும்பி ஜனங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.